சைவ இன்ஸ்பெக்டரும் செத்த மீனும்

ட்ரங்குப் பெட்டியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிய கையோடு இராஜநாயகத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. ஆற்றில் மறுபடியும் மீன் செத்து மிதக்கிறதாம்.

கொண்டுவந்தவர் மீன்சந்தை வியாபாரி ஆதம்பாவா. தலையில் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, செத்தவீட்டுக்குச் சொல்ல வந்தவர்போல வாசலில் நின்றார்.

"என்ன செய்ய ஐயா, நீங்க ஊருக்குப் போற நேரம் பார்த்து இப்பிடி நடக்குது."

இராஜநாயகம் பெட்டியின்மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பாவம், மனிதர் உட்காராமல் என்ன செய்வார்? திருகோணமலைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டராக வந்த நாள்முதல் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு, வாயும் வயிறும் காய்ந்து, இப்போதுதான் கிடைத்திருந்தது. மனைவி புஷ்பவதி கோப்பாயில் தாய்வீட்டில் நிறைமாதம். தலைப்பிள்ளை. பிள்ளை பிறக்கும்போது அறைவாசலில் நிற்பேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தவர். மாற்றம் வந்த அதே கிழமைதான் மீனும் சாகத் தொடங்கியது. ஏழரைச் சனி என்பது சும்மாவா?

மேலதிகாரியான பெரிய டொக்டர் பிடித்த பிடியில் நின்றார். நகரசபைத் தலைவர் அவரைக் குடைய, அவர் இராஜநாயகத்தைக் குடைந்தார். "காரணத்தோட வாரும் இராஜநாயகம், அடுத்த பஸ்ஸிலயே அனுப்பிவிடுறன். அதுவரைக்கும் ஆற்றை இன்னொருத்தற்ற தலையில கட்ட ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

ஆறு என்று பெயர்தான். ஊரின் பின்பக்கத்தால் நெளிந்து வந்து, மீன்சந்தையின் முதுகை உரசிக்கொண்டு துறைமுகத்தில் போய் விழுகிற உவர்த்தண்ணீர். கொழும்பு ஆட்கள் அதை வாய்க்கால் என்று சொன்னால் ஊர்க்காரர் அன்றைக்கு முழுக்க அவர்களோடு பேசமாட்டார்கள்.

இராஜநாயகமோ பரம்பரைச் சைவம். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தால் தன் வீட்டு யன்னலைச் சாத்துகிறவர். அப்படிப்பட்டவரைத் துறைமுகப் பட்டினத்துக்கு அனுப்பிவைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மீன்சந்தையை அவர் பரிசோதிப்பது தெருவின் மறுகரையில் நின்றுதான். மூக்கில் கற்பூரம் முடிந்த லேஞ்சி. "எல்லாம் சரிதானே?" என்று அங்கிருந்தே கேட்பார். "எல்லாம் சரி ஐயா" என்று சந்தை முழுக்கச் சேர்ந்து பதில் சொல்லும். பரிசோதனை முடிந்துவிடும்.

இப்போது அவர் பாலத்தில் நின்று, லேஞ்சிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் மிதந்தன. அவருக்கு எல்லா மீனும் ஒரே மீன்தான்.

கிறிஸ்தோபரின் சோடாக் கொம்பனியில் போத்தல் கழுவுகிற தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது என்று ஆதம்பாவா மெல்ல எடுத்துக் கொடுத்தார். அது நியாயமாகத்தான் பட்டது. இராஜநாயகம் போய்க் கொம்பனியைச் சாத்தச் சொன்னார். கிறிஸ்தோபர் கெஞ்சிப் பார்த்தார், மனிதர் மசியவில்லை. அடுத்த நாள் ஊரில் சோடா இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இஞ்சிச் சோடா குடிக்காவிட்டால் நகரசபைத் தலைவருக்குச் செமிக்காது. செமியாத வயிற்றோடு அவர் டொக்டரைக் கூப்பிட்டுப் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

மீன் நிற்கவில்லை. செத்துக்கொண்டேயிருந்தது.

அடுத்தது மக்டலினின் மட்டைக் கிடங்கு. கயிறு திரிக்கத் தேங்காய்மட்டையைக் குழியில் ஊறப்போட்டு, ஆற்றங்கரையில் தன்பாட்டில் பிழைக்கிற மனுசி அவள். ஊறல் தண்ணீர்தான் நஞ்சு என்று முடிவுகட்டிய இராஜநாயகம், கிடங்கை வெட்டித் திறந்து மட்டையை வெளியே எடுக்கச் சொன்னார். வேண்டாம் ஐயா, நாறும் என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டாள். கேட்டாரா? மாதக்கணக்காக அடங்கிக் கிடந்த கறுத்தத் தண்ணீர் ஒரேயடியாக ஆற்றில் இறங்கியது. அந்த நாற்றத்தில் கோட்டில் நீதவான் வழக்குகளையெல்லாம் தவணை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மக்டலின் அதற்குப் பிறகு தெருவில் இராஜநாயகத்தைக் கண்டால் மற்றப்பக்கம் பார்த்தாள்.

எண்ணெயாக இருக்குமோ என்று சைக்கிளில் எண்ணெய்க் குதங்கள் இருக்கிற சீனன்குடாப் பக்கம் போனார். வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தவரை வேவு பார்க்க வந்தவர் என்று காவல்காரர் பிடித்து, பின்னேரம்வரை மரவாங்கில் குந்தவைத்துவிட்டார்கள். டொக்டர் போய்த்தான் மீட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு போத்தலில் ஆற்றுத் தண்ணீரை அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லையென்று மறுமொழி வந்தது. அப்படியானால் மீனை அனுப்பும் என்றார் டொக்டர். இராஜநாயகம் இரண்டடி பின்னால் போனார். ஆதம்பாவாதான் கைகொடுத்தார். ஐயா தொடவே வேண்டாம், நான் கட்டித் தாறேன் என்று தாழை ஓலைப் பெட்டியில் கட்டித் தந்தார். ஐஸ் போட மறந்துவிட்டார்போல. தபால்கந்தோரில் அந்தப் பெட்டியை வாங்க மறுத்தது மட்டுமல்ல, கொண்டுபோன இராஜநாயகத்தையும் முத்திரை விற்கிற பக்கம் இனி வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் ஒருநாள் கிணறுகளுக்குப் போடுகிற குளோரின் தூளைப் பீப்பாவோடு உருட்டிவந்து பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்த்தார்.

விடிய, ஆறு முழுக்க மீன். இறால், நண்டு, விலாங்கு, இருக்கிறதெல்லாம் மிதந்தது. பக்கத்தில் வந்து நின்ற ஆதம்பாவா பேயறைந்தவர்போல ஆகிவிட்டார்.

"ஐயா, இண்டைக்கு நெசமாவே செத்துக் கெடக்கே."

"முந்தியும் செத்துத்தானே கிடந்தது?" என்றார் இராஜநாயகம்.

"ஓம் ஓம், முந்தியும் செத்துத்தான்" என்று ஆதம்பாவா அவசரமாகச் சொல்லிவிட்டு, ஒரு வேலை இருப்பதாக நடையைக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தந்தி வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். இராஜநாயகம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு விக்கி விக்கி அழுதார். சத்தியம் பண்ணிய கையைப் பார்த்துப் பார்த்து அழுதார். தெருவில் போனவர்கள், மனிதர் மீனுக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று நெகிழ்ந்துபோனார்கள்.

நேரே டொக்டரிடம் போனார்.

"எனக்கு மாற்றமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் சேர். போய்ப் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க லீவு தாங்கோ. அதுகளை இங்க கூட்டிக்கொண்டு வந்து, இந்த ஆற்றோடயே கிடந்து சாகிறன்."

டொக்டருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மனம் இளகிவிட்டது. லீவைக் கொடுத்து, மாற்றத்தை ரத்துச் செய்தார். இவருடைய இடத்துக்கு வரவிருந்த மன்னார் இன்ஸ்பெக்டரை யாழ்ப்பாணத்துக்கே அனுப்ப ஏற்பாடாயிற்று.

அதிசயம் என்னவென்றால், அடுத்த நாள் ஆற்றில் ஒரு மீனும் மிதக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குளோரின் சுணங்கித்தான் வேலை செய்யும் என்று இராஜநாயகம் கண்டவர் நின்றவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். சோடாக் கொம்பனியைத் திறக்கச் சொன்னார். ஆதம்பாவா சந்தை ஆட்களோடு வந்து, பிள்ளைக்கென்று ஒரு பிரம்புத் தொட்டிலும், அவருக்கென்று ஒரு கூடை கத்தரிக்காயும் வைத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட சனத்தை விட்டுப் போகப் பார்த்தேனே என்று இராஜநாயகம் தன்னையே நொந்துகொண்டார்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் மக்டலினின் வளவுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். செய்த அநியாயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் கேட்கவில்லை.

"மட்டையைத் திரும்ப ஊறப்போடுங்கோ, அம்மா. பிழை உங்களில இல்லை. காரணம்தான் பிடிபடேல்ல, ஆனால் ஆறு சுகமாகிட்டுது. நான் ஊருக்குப் போட்டு வருமட்டும் மீன் ஒண்டும் சாகாதெண்டு நினைக்கிறன்."

மக்டலின் தும்புக் கையை உதறிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்தவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயமில்லாமப் போட்டு வாங்கோ ஐயா. வர இருந்த மன்னார் மனுசன் மீன்ர செவுளைத் தூக்கிப் பார்க்கிறவராம். நீங்கள்தான் மாறிப் போகேல்லயே, இனி ஆதம்பாவா ஆக்கள் விலைப்படாத மீனை ஏன் ஆத்தில கொட்டப்போகினம்?"