தலைமறைவு

ஆல்வினுக்கு ‘தலைமறைவு’ என்ற சொல்லைக் கொடுத்திருக்கக் கூடாது என்பது, இரண்டாவது பீரியட் முடிவதற்குள் தமிழாசிரியர் முகமது யாசினுக்குப் புரிந்துவிட்டது. பையனைக் காணோம்.

நாகல் நகரில் இருந்த அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு, அருஞ்சொற்பொருள் என்றாலே கொட்டாவி விடும். அதற்கு யாசின் கண்டுபிடித்த வைத்தியம்தான் சீட்டு. காலையில் ஆளுக்கொரு சீட்டு, சீட்டில் ஒரு சொல். சாயங்காலம் வரை அந்தச் சொல்லாகவே வாழ வேண்டும். இதைப் பார்க்க இன்று கல்வி அதிகாரி வேறு வருகிறார்.

ஆல்வினுக்குப் பக்கத்தில் உட்காரும் ரஃபியாவைக் கேட்டார்.

“ஆல்வின் எங்கம்மா போனான்?”

ரஃபியா உதட்டில் விரலை வைத்தாள். அவள் சீட்டில் ‘மௌனம்’.

“இப்பப் பேசலாம்மா. நாந்தான சொல்றேன்.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியதே தவிர, வாய் திறக்கவில்லை. யாசின் அவசரமாகப் புதுச் சீட்டு ஒன்றை எழுதி நீட்டினார்: ‘வெளிப்படை’.

ரஃபியா மூச்சை இழுத்துவிட்டாள். “ஆல்வின் எங்க போனான்னு தெரியாது சார். நீங்க நடத்துனா தூக்கம் தூக்கமா வருது சார். போன பரீட்சைப் பேப்பரத் திருத்துனது நீங்க இல்ல, உங்க வீட்டம்மான்னு எல்லாத்துக்கும் தெரியும் சார்.”

வாசலில் தலைமையாசிரியை பக்ருன்னிசா நின்றிருந்தார்.

“அப்படியா, யாசின் சார்?”

“அதை அப்பறம் பேசுவோம் மேடம். இப்ப ஒரு பையனக் காணோம்.”

சொன்ன பிறகுதான், இதற்கு அந்தப் பேப்பர் விவகாரமே தேவலை என்று தோன்றியது.

“பதினோரு மணிக்கு ஆபீசர் வாராரு. அதுக்குள்ள அவன் இங்க நிக்கணும்!” என்றார் பக்ருன்னிசா.

‘விடாமுயற்சி’ ஆசாத்தைத் தேட அனுப்பினார் யாசின். ஆசாத் சத்துணவுக் கூடத்தைப் பார்த்தான். மேடத்தின் பீரோவை நெம்பித் திறந்து பார்த்தான். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினான்.

“மேல வாடா அப்பு!” என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக் கெஞ்சினார் யாசின்.

“கெடைக்காம வரமாட்டேன் சார்!” என்று தொட்டிக்குள்ளிருந்து எதிரொலித்தது.

“சரி, விசயம் வெளிய மட்டும் போயிரக் கூடாது” என்று யாசின் சொல்லி வாய் மூடவில்லை. பிரார்த்தனைக் கூட்ட மைக் கரகரத்தது.

“அன்பார்ந்த பொதுமக்களே! எங்கள் ஆல்வினைக் காணவில்லை!”

பாஸிலா. அவள் சொல் ‘பரப்புரை’.

ஆட்டோ ஸ்டாண்டே உள்ளே வந்துவிட்டது. அதற்கு முன்னால், பாதி நறுக்கிய முருங்கைக்காயும் கையுமாக ஆல்வினின் அம்மா சகாயசெல்வி.

“எம்புள்ளய என்ன சார் செஞ்சீங்க?”

“ஒரு சொல் கொடுத்தேம்மா, அம்புட்டுத்தான்.”

“சொல்லா? ஏன் சார், ஊர்ல வேற சொல்லே கெடைக்கலயா?”

சகாயசெல்வி அழுதபடி தலையில் கைவைத்து உட்கார்ந்த நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதிகாரி வந்து நின்றார். யாசின் நடந்தது முழுவதையும் சொன்னார். சொல்லும்போதே, தன்னை எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பது வருசமாப் பள்ளிக்கூடம் பாக்குறேன். மைக்ல கூப்பிட்டும் வரல, பெத்த தாய் வந்து அழுதும் வரல. ஒரு சொல்லோட பொருள இம்புட்டு ஆழமா உள்வாங்குன மாணவன நான் பாத்ததே இல்ல. சார், இது மாவட்டம் பூரா போகணும்!”

கூட்டம் கைதட்டியது. சகாயசெல்விகூட அழுகைக்கு நடுவே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாசின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வாட்ச்மேன் கருப்பணன் தயங்கித் தயங்கி யாசின் முன்னால் வந்தார்.

“சார், வண்டி நிறுத்துற எடத்துல ஒரு பய உங்க ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு காலைலருந்து நிக்கிறான். கூப்பிட்டா காதுலயே விழல. கிட்டப் போயிக் கேட்டா, ‘தலைய மட்டும் மறைச்சாப் போதும், சார் சீட்டுல எழுதிக் குடுத்திருக்காரு’ங்குறான்!”