மன்னிக்கும் மரத்தூள்

காகித ஆலைக்குப் பின்னால், டயர் கடைக்கு மேலே இருந்த மாடி அறைக்குத் தினமும் இருநூறு பேர் ஏறினார்கள். ஏறுகிறவர் கையிலெல்லாம் ஒரு பொட்டலம் மரத்தூள். இறங்குகிறவர் முகத்திலெல்லாம் ஐஸ்கிரீம் தின்ற குழந்தையின் பூரிப்பு. என்ன விஷயம் என்கிறீர்களா? மரம் மன்னித்துவிட்டதாம்!

மேலே வீற்றிருந்தவர் மணஞானி. ஆலைக்கு வந்து வெட்டுப்பட்ட மரங்களின் ஆத்மாக்கள் அவரோடு மட்டும் பேசுமாம். நம்மோடு பேசாது, நமக்குத்தான் வேலைவெட்டி இருக்கிறதே! அவர் தூளில் விரலை விட்டுக் கிளறி, கண்ணை மூடி, மூன்று முறை ஊதுவார். குப்பென்று வெனிலா வாசனை கிளம்பும். "உள்ள இறுகிக் கிடந்த கோபம் உடைஞ்சுபோச்சு" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சிலருக்கு வாசனை வராது. அவர்கள் இன்னும் ஒன்பது வாரம் வர வேண்டும். காணிக்கைத் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு மன்னிக்கும் அளவுக்கு மரங்கள் விவரமானவை என்பது தாவரவியலுக்கே புதிய செய்தி.

ஆலையில் மரத்தைச் சில்லு சில்லாக வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் ஒருவர். ஏழு வயது மகளுக்கு வீசிங். "நீ வெட்டுன மரமெல்லாம் இவ நெஞ்சுலதான் உக்காந்திருக்கு. மருந்தை உறிஞ்சினா மரத்துக்கு இன்னும் கோபம் வரும்" என்று ஞானி சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இன்ஹேலர் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. குழந்தை நாலு எட்டு நடந்தால் நெஞ்சு விசிலடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்த கொழுந்தியா இதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை.

"மாமா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? மொதல்ல அந்த மருந்தை எடுங்க!"

"நீ சும்மா இரு. என் மூக்கால மோந்தேன். மரத்துலேருந்து வெனிலா வாசனை வந்துச்சு!"

"வரும் மாமா. அதை வரவைக்கத்தான் எனக்குச் சம்பளமே! மரத்துல இருக்கிற நாரெல்லாத்தையும் ஒட்டி வச்சிருக்கிற பசை ஒண்ணு இருக்கு, லிக்னின்னு பேரு. காகிதம் செஞ்ச பிறகு மிஞ்சுற கறுப்புத் தண்ணியில கிடக்கும். அதை உடைச்சா வெனிலா வாசனைப் பொருளும் வரும், வேற என்னென்னவோ வரும். ஆனா சும்மா உடையாது. காஸ்டிக் சோடா மாதிரி காரத்தை ஊத்தி, குக்கர் மாதிரி இறுக மூடி, மணிக்கணக்கா வேகவைக்கணும். அப்பவும் ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன் வந்தா பெருசு."

மாமாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! நீ மணிக்கணக்கா மல்லுக்கட்டுறதை அவரு மூணே ஊதுல முடிக்கிறாரு!"

இந்த மூளையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித்தான் இயந்திரம் ஓட்டுகிறாரோ! அவள் வாதாடவில்லை. "சரி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இப்பவே போவோம். அவர் சொல்றது பொய்னு தெரிஞ்சா அங்கேயே பிள்ளைக்கு மருந்து குடுக்கணும்" என்றாள். மாமா தலையாட்டினார். அவள் இன்ஹேலரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே ஐந்து நிமிஷம் டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

மாடியில் அவள் நீட்டிய பொட்டலத்தை ஞானி பிரித்தார். சிவந்த தூள். விரலை விட்டார், ஊதினார். அறையே கேக் கடை ஆனது.

"ஆகா! வயசான மரம். ரெண்டு குருவி கூடு கட்டியிருந்துச்சு. ரொம்ப அழுதுச்சு. இப்ப மன்னிச்சிருச்சு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க, மன்னிச்சிருச்சா?"

"பரிபூரணமா!"

அவள் கைப்பையிலிருந்து பாதிச் செங்கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதை இடிச்ச தூள்தான் அது. இது எந்தக் காட்டுல வளந்துச்சுங்க? எந்தக் குருவி இதுல கூடு கட்டுச்சு?"

யாரோ கொல்லென்று சிரிக்க, அறை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. "செங்கல்லுக்கும் ஆத்மா..." என்று ஞானி ஆரம்பித்தார். கூட்டத்தில் நின்ற கீழ்வீட்டு டயர் கடைக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்து மோந்தார். "யோவ், வாசனை மோதிரத்துலய்யா இருக்கு!" மோதிரக்கல்லை நெம்பினால், உள்ளே எசன்ஸில் ஊறிய பஞ்சு! ஞானி செருப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார்.

சிரித்த சிரிப்பில் குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மாமாவே கைப்பையைப் பிடுங்கி மருந்தை எடுத்தார். "உறிஞ்சும்மா... நல்லா உறிஞ்சு..." இழுப்பு மெல்ல அடங்கியது. அவர் மகளைக் கட்டிக்கொண்டு, "அஞ்சு வாரம் உன்னை மூச்சுக்குத் தவிக்க விட்டேனே, பாவி நான்" என்று ஓவென்று அழுதார்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கைகூப்பியபடி அவளிடம் வந்தார். "தாயே! நீதாம்மா உண்மையான ஞானி. நாளைக்கு எத்தனை மணிக்கு தரிசனம்?"

"ஆய்வுக்கூடம் ஒன்பது மணிக்குத் தொறப்போம், வாங்க. நான் சொல்றதையும் சோதிச்சுப் பாத்துட்டு நம்புங்க. ஆனா ஒண்ணு, மூக்கை மட்டும் எடுத்துட்டு வராதீங்க. அதுக்கு மேல ஒண்ணு சும்மா கிடக்கே, அதையும் எடுத்துட்டு வாங்க!"