மூக்கு தூக்கிய படகு

மரியாதைக்கு எடை உண்டா? உண்டென்றால், அதைப் படகின் எந்தப் பகுதியில் ஏற்ற வேண்டும்? சமூகவியல் படித்தவனான எனக்கு இக்கேள்வி வகுப்பறையிலேயே எழுந்திருக்க வேண்டும். எழுந்ததோ ஃபிஜியின் லவுத்தோக்கா நகருக்கு எதிரே கடலில், படகின் பின்பலகை வழியே தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தபோது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு அடுத்த ஆண்டு அது. நகரை அடுத்த லோவுவில், இந்திய வம்சாவளியினரான எங்கள் சாலையே நாட்டைவிட்டுப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி சரோஜாவின் அண்ணன் முனுசாமி, தையற்கடையை மூடிவிட்டு ஆக்லாந்து புறப்படவிருந்தார்; எங்களையும் அழைத்தார். சரோஜாவுக்குப் போக விருப்பம். எனக்கு இல்லை. படித்தவர்கள் எல்லாரும் போய்விட்டால் எஞ்சியிருப்பவர்களின் நிலை என்னவாகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன் (அரசு வேலை போய்விட்டதால் ஆராய நேரம் தாராளமாக இருந்தது).

ஆராய்ச்சியின் விளைவு, ஒரு சிறு படகு. எதிர்த் தீவின் ஃபிஜியர் கிராமத்துக்கு, மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வந்துபோக ஒழுங்கான படகு இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேலை இல்லை. இரு தரப்பும் கூடி ஒரு படகை ஓட்டினால் பிழைப்புக்குப் பிழைப்பும் ஆயிற்று, புரட்சியால் கிழிந்த உறவையும் தைத்துவிடலாம் என்றேன்.

"கடலத் தைக்கற ஊசி எங்கிட்ட இல்ல மாப்ளே," என்றார் முனுசாமி.

ஒரே ஓர் இடையூறு. ஆட்கள் ஏறினால் படகு நீர்மேல் எழுந்து ஓடாமல், சேற்றில் இறங்கிய எருமைபோல் நகர்ந்து பெட்ரோலைக் குடித்தது. சரோஜா தன் நிபந்தனையை அறிவித்தாள்.

"இதோ பாருங்க. ஜனம் ஏறின படகு அந்தத் தீவுக்கு ஒழுங்காப் போயி சேந்துச்சுன்னா, நான் இங்கியே இருக்கேன். நடுவுல படுத்துக்கிச்சுன்னா அண்ணன்கூட பிளேன் ஏறணும். டீக்?"

"டீக்," என்று சம்மதித்தேன். எங்கள் எதிர்காலம் அந்த மோட்டாரில் தொங்கியது.

மோட்டாரைப் பின்பலகையில் மாட்டும் பிடியில் வரிசையாகத் துளைகள் உண்டு. ஒன்றில் ஒரு கம்பி செருகியிருக்கும். கம்பியை வெளித்துளைக்கு மாற்றினால் மோட்டாரின் கால் படகைவிட்டு விலகும், படகின் மூக்கு உயரும். உள்துளைக்கு மாற்றினால் மூக்கு தாழும். மூக்கு அளவாக உயர்ந்தால் நீரின் இழுப்பு குறைந்து வேகம் கூடும். ஆகவே கம்பியை வெளித்துளைக்கு மாற்றினேன். நண்டு கடித்ததுபோல் ஓரம் சிதைந்திருந்த புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, இலைகளில் முறுக்கு கூடிய வேறொன்றைப் பூட்டினேன்; அது ஒரு சுற்றில் படகைக் கூடுதல் தூரம் தள்ளும், மோட்டாருக்குப் பாரமும் கூடும். பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை முன்னும் பின்னும் சீராக அடுக்கி ஓட்டிப் பார்த்தேன். படகு பறந்தது. (நானும் சற்றுப் பறந்தேன்.)

வெள்ளோட்டத்துக்குத் தீவின் கிராமத் தலைவரையே அழைத்தேன். துராங்கா என்பது அவருக்குரிய மரியாதைச் சொல். சந்தைக்கு வந்திருந்தவர், ஆஜானுபாகுவான மூன்று தோழர்களுடன் துறைக்கு வந்தார். முறைப்படி, அவர்கள் கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேரில் ஒரு கட்டை மணலில் அமர்ந்து காணிக்கையாக அளித்தேன், கைதட்டி ஏற்றுக்கொண்டார். என் வீட்டாருக்கு முன்னதாகவே கடும் உத்தரவு போட்டிருந்தேன்: துராங்காவுக்கு முதுகு காட்டக் கூடாது; அவருக்கு மேலிடத்தில் எவரும் அமரக் கூடாது. அவர்கள் வீட்டில் மேல்கோடி தலைவருக்கு உரியது. படகுக்கு மேல்கோடி மூக்குதானே? அங்கே அவருக்காகப் புதுப் பாய் விரித்திருந்தேன்.

ஆனால் துராங்காவுக்கு முழங்கால் வலி. ஏறிய இடத்திலேயே, நடுப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். பாய் காலியாகக் கிடந்தது. அவரைத் தாண்டி முன்னே போக எவருக்கும் துணிவில்லை. மூன்று தோழர்கள், முனுசாமி (ஊரையெல்லாம் அளந்தவர், தன் இடுப்பை மட்டும் அளந்ததில்லை), சரோஜா, பெட்ரோல் டின், நான் எல்லாரும் பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மணல் மூட்டைகளுக்கு இந்தப் பண்பாட்டுச் சிக்கல் இருக்கவில்லை.

மோட்டாரை முடுக்கினேன். மூக்கு உயர்ந்தது. மேலும் உயர்ந்தது. எதிரே இருந்த தீவு மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. தவறான கியரில் மேடேறும் கரும்பு லாரிபோல் மோட்டார் முனகியது. மனம் தளராமல் இன்னும் முடுக்கினேன். பின்பலகை தாழ்ந்து அலை உள்ளே ஏறியது.

"மாப்ளே! நியூசிலாந்துக்கு பிளேன்ல போலாம்னுதான் சொன்னேன். நீ இதையே பறக்க உட்றியே!"

"மச்சான், கொஞ்சம் முன்னாடி நகருங்களேன்."

"நீதான போவாதன்ன!"

துராங்காவையே முன்னே போகச் சொல்லலாமா? அவமதிப்பாகக் கொண்டால்? இரு சமூகங்களின் எதிர்கால உறவு என்னாவது? நான் பின்விளைவுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

சரோஜா எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். "உங்க மரியாதயக் கரையில வெச்சிக்குங்க!" என்றவள் குனிந்து, "துலோ, துலோ" என்று சொல்லிக்கொண்டே துராங்காவை உரசியபடி ஊர்ந்து போய்ப் பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஃபிஜியர்கள் பெரியவர்களைத் தாண்டிப் போகும்போது பொறுத்தருளச் சொல்லும் சொல் அது. பேருந்தில் தினமும் என் காதில் விழுவதுதான். என் உத்தரவுகளில் அதற்கு இடமே இருக்கவில்லை.

துராங்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் (ஏற்கெனவே ததும்பிய படகுக்கு அது நல்லதல்ல). தோழர்களையும் முனுசாமியையும் கைகாட்டி முன்னே அனுப்பினார். எல்லாரும் "துலோ, துலோ" என்று ஊர்ந்தார்கள். நான் மோட்டாரை நிறுத்தித் தண்ணீரை இறைத்தேன். கம்பியைப் பிடுங்கி உள்துளையில் செருகினேன். மறுபடி முடுக்கியபோது மூக்கு சற்றே நிமிர்ந்து, பின் பணிந்து, படகு நீர்மேல் வழுக்கி ஓடியது. தீவு தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

கரையிறங்கும்போது துராங்கா என் தோளில் கைவைத்து ஃபிஜி இந்தியில் சொன்னார்: "பையா, படகு நல்ல படகு. இனிமே எனக்குக் கொடுக்கற மரியாதையில பாதியை முன்னால வை."

சரோஜாவிடம் தனியே கேட்டேன்: "நீ அசையாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே?"

"முழுகிப்போன பொண்டாட்டிக்கு எவன் விசா குடுப்பான்?" என்றாள்.

முனுசாமி ஆக்லாந்து போய்ச் சேர்ந்தார். தொலைபேசியில் இன்றும் அவருடைய முதல் சொல் "துலோ"தான். நாட்டைவிட்டுப் போய் மாப்பிள்ளைக்கு முதுகு காட்ட நேர்ந்ததற்காகவாம். நாங்கள் லோவுவிலேயே தங்கினோம். படகு அந்தத் தீவுக்குப் போய் வருகிறது. முன்பலகை நிறைந்த பிறகுதான் மற்றவர்களை ஏற்றுகிறோம்.