ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். தங்கள் நலமும், தங்கள் வீட்டார் நலமும், தங்கள் வேனின் நலமும் அறிய ஆவல். வேனைக் குறிப்பாக விசாரிக்கக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வரும்படி தங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள். அதில் என் சாமான்கள் ஏறவேண்டும், இல்லையேல் தான் ஏறிவிடுவதாகச் சொல்கிறாள். வண்டியைக் கிளப்புமுன் என் தரப்பையும் கேளுங்கள்.

நான் காசைக் கரியாக்குகிறவன் இல்லை, மச்சான். எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பொருளின் விலையை, அதைப் பயன்படுத்திய மணிநேரத்தால் வகுக்கவேண்டும். மணி ஏற ஏற விலை இறங்கும். காபி மெஷின் வாங்கினேன். விலை இறங்க ஒரே வழி குடிப்பதுதானே, குடித்தேன், விலை இறங்கியது, கூடவே தூக்கமும் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்று தெரியவேண்டாமா, தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் வாங்கினேன். நான் தூங்கவில்லை என்று அது அதிர்ந்து அதிர்ந்து சொன்னதில் மிச்சத் தூக்கமும் போயிற்று. விழித்திருக்கும் நேரம் வீணாகிறதே என்று கார் ஓட்டும் கேம் வாங்கினேன், அதற்கு ஸ்டியரிங் தனி, பிரேக் தனி. அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை குனிந்து பெருக்க இடுப்பு வலிக்கிறது என்றாள். உடனே, தானாக ஓடிப் பெருக்கும் ரோபோ வாங்கினேன். மணி சேரவேண்டுமே என்று நாள் முழுக்க ஓடவிட்டேன். வீட்டில் குப்பை தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நானே செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன், அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"அதுக்கு வேலை குடுக்கிறேன்."

"அதுக்கு வேலை குடுக்கிறீங்க. என் வேலைய ஒரு நாளாவது குறைச்சிருக்கீங்களா?"

அதன் பிறகுதான் உங்களுக்கு போன் போயிருக்கிறது.

அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது, மச்சான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச அந்தக் கடிகாரம்தான் மிஞ்சும், அதுவும் போய்த் தூங்கு என்று மட்டும்தான் சொல்லும். நேற்று அவளிடமே இதைச் சொல்லப் போனேன், ரோபோ குறுக்கே வந்து தடுக்கிவிட்டது. ஆனால் கவலையில்லை. என் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பொருளாக வகுத்துக்கொண்டிருக்கிறாள். எப்படியும் சமாதானமாகிவிடுவாள். ஆகவே வேன் வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். நன்றாகப் படித்து, எதையும் தவணையில் வாங்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் (இன்றுவரை)

பின்குறிப்பு: வகுத்து முடித்துவிட்டாள். ரோபோ கட்டுப்படியாகிறதாம். காபி மெஷின் தாராளமாகக் கட்டுப்படியாகிறதாம். கேமைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் மாதக்கணக்கில் உருண்டு விழுந்த மலைப்பாதையை முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். கடைசியாக என்னையும் வகுத்துப் பார்த்தாளாம், என் சாப்பாட்டுச் செலவை நான் வீட்டு வேலை செய்த நேரத்தால். கீழே பூஜ்யம் வருவதால் வகுக்கவே முடியவில்லையாம். "அண்ணனை வேனோட வரச் சொல்லுங்க, யார் ஏறணும்னு தெரிஞ்சுபோச்சு" என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆகவே தவறாமல் வாருங்கள். வரும்போது சாதாரணத் துடைப்பம் ஒன்று வாங்கி வாருங்கள். வேன் புறப்படுமுன் நானும் கொஞ்சம் மணி சேர்த்துப் பார்க்கிறேன்.