இரண்டு ஆம்பியர் சாமர்த்தியம்

கொடுக்கக் கூடாது என்று மூக்குக்கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார். மனைவியின் தம்பி கேட்டாலும் சரி, மனைவியே கேட்டாலும் சரி, முடியாது என்றால் முடியாதுதான். இந்த வீர சபதத்தை அவர் குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள் எடுத்தார்.

விஷயம் இதுதான். முன்னறை மூலையில் ஒரு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது. வயதில் அவருக்கு மூத்தது, எடையிலும் அப்படித்தான். மூடிப்போன நடன அரங்கு ஒன்றிலிருந்து எட்டு மாதத்துக்கு முன்னால் தூக்கி வந்தார். வந்த அன்றே பிளக்கைச் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாசனை, அவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கக் குமிழ் நூற்றுப் பத்து வோல்ட்டில் நின்றிருந்தது. வீட்டில் வருவதோ இருநூற்று முப்பது. கண்ணாடிக் கடை வைத்துத் தெருவுக்கே பார்வை கொடுக்கிற மனிதருக்கு அந்த எண் மட்டும் கண்ணில் படவில்லை.

நல்லவேளை, ஃப்யூஸ் தன் உயிரைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றியது. கறுத்துப்போன அந்தக் கண்ணாடிக் குழாயைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். பிறகு மூன்று புத்தகம் படித்தார். படித்ததையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். அந்த அம்மாள் தையற்காரி. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்பவள் குறுக்கே பேச மாட்டாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“குமிழை இருநூத்தி நாப்பதுல வெச்சாச்சு. இனிமே பழைய நாலு ஆம்பியர் ஃப்யூஸ் ஆகாது. ஏன், சொல்லு?”

“நீங்களே சொல்லுங்க.”

“வோல்ட் ரெட்டிப்பானா கரண்ட் பாதி. அப்ப ஃப்யூஸும் பாதி. ரெண்டு ஆம்பியர்! அதுலயும் சட்டுனு எரியுற ரகம் கூடாது. ஸ்விட்ச் போட்டதும் கரண்ட் ஒரு துள்ளு துள்ளும். அதைப் பொறுத்துக்கிட்டு நிக்கணும்.”

“என்னை மாதிரி.”

“ஆமா, உன்னை... சரி, அதை விடு.”

அன்றிலிருந்து பெட்டி பாடுகிறது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு, அதிலும் முதல் பாதிதான். ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வால்வுகள் சிவக்கச் சிவக்க அந்தப் பாதியை வாசிக்கும்போது அவருக்கு வேறெதுவும் வேண்டாம். மனைவிக்குத்தான் அந்த மூலை வேண்டும். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற புது மெஷின் ஒன்று இரண்டு மாதமாகக் கட்டிலடியில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. கேட்டால் "அடுத்த வாரம்" என்பார்.

இந்த நேரத்தில்தான் மச்சினன் போன் பண்ணினான். சனிக்கிழமை அவன் குழுவுக்குக் கச்சேரி. அவர்களுடைய ஆம்ப்ளிஃபையர் மக்கர். “ஒரே ஒரு நாள் மாமா. ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல கொண்டாந்து வெச்சிடுறேன்.” அவர் வாய் அவரைக் கேட்காமல், “உனக்கு இல்லாததா மாப்ளே!” என்றது. அதற்கப்புறம்தான் குளியலறை, சபதம் எல்லாம்.

திட்டம் பிரமாதமாக இருந்தது. சனிக்கிழமை காலை மனைவி அடுப்படியில் இருக்கும்போது நல்ல ஃப்யூஸைக் கழற்றினார், தீப்பெட்டியில் இருந்த கறுத்ததை மாட்டினார். நல்லதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே முப்பது கூடுகள். யார் கண்டுபிடிப்பார்கள்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு மச்சினன் வந்தான். ஸ்விட்சைப் போட்டான். பெட்டியின் விளக்குகூட எரியவில்லை.

“என்ன மாமா இது?”

மூக்குக்கண்ணாடிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டார். “எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாப்ளே. நேத்து சாயங்காலம் ஒரு உறுமு உறுமுச்சு. டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு.”

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஐயையோ. ஒருவேளை ஃப்யூஸா இருக்குமோ?”

அவர் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “அதெல்லாம் நானே பாத்துட்டேன். ஃப்யூஸ் கல்லு மாதிரி இருக்கு.”

“ரிப்பேர் பண்ணலாமா?”

“இதுக்கெல்லாம் இப்ப சாமான் ஏது? கதை முடிஞ்சுது.”

“சுத்தமா செத்துப்போச்சுங்கறீங்க?”

“சுத்தமா.”

ஜெயித்துவிட்டோம் என்று அவர் மூச்சு விட்டார். மச்சினன் பாவமாகச் செருப்பைத் தேடினான்.

“எங்கடா வெறுங்கையோட கிளம்புற? தூக்கு,” என்றாள் அக்காள்.

“எதைக்கா?”

“பெட்டியைத்தான். செத்ததை முன்னறையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்களா? நீயே வெச்சுக்கோ. மாமாவே கதை முடிஞ்சுதுன்னுட்டாரு.”

“இல்ல... அதாவது... ஒருவேளை...” என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

“ஒருவேளை என்னங்க? ஃப்யூஸா?”

அவள் முகத்தில் கள்ளங்கபடமே இல்லை. ஆமாம் என்றால் மச்சினன் முன்னால் மானம் போகும். இல்லை என்றால் பெட்டி போகும். அவர் மானத்தைப் பிடித்துக்கொண்டார். “ஃப்யூஸ் இல்ல,” என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பெட்டி கனமானது என்பதால் ஒரு பக்கத்தை அவரே தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டி கிளம்பும்போது மனைவி ஓடிவந்து தம்பி கையில் எதையோ திணித்தாள். அது ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.

“உள்ளே ரெண்டு ஆம்பியர் இருக்குடா. பொறுமையான ரகம். பின்னாடி கறுத்துப்போனதை எடுத்துட்டு இதைப் போடு. குமிழ் இருநூத்தி நாப்பதுலதான் இருக்கு, அதைத் தொட்டுடாதே.”

வண்டி தெருமுனை திரும்பியது. உள்ளே வந்ததும், “உனக்கு எப்படி...?” என்றார்.

“முப்பது கூட்டுல ஒண்ணை மட்டும் காலையிலேர்ந்து மூணு தடவை திறந்து பாத்தீங்க. கண்ணாடியோ உங்க மூக்குமேலயே இருந்துச்சு.”

சாயங்காலம் மூலையில் காஜா மெஷின் உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“அப்ப... இனிமே நான் வாசிக்கணும்னா?”

மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்: “தம்பிகிட்ட கேளுங்க. ஒரே ஒரு நாள் குடுக்க மாட்டானா?”