கொலிபிரிக்குச் சீனித்தண்ணீர்

நான் விலங்கியலில் பட்டம் பெற்றவன். டென்மார்க்கில் ஒரு பூச்சியைப் பார்த்துப் பறவை என்று ஊருக்கெல்லாம் அறிவித்தவனும் நானே. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இடையில் ஏதாவது சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் படிப்பித்தேன். டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து மினுக்கினேன். ஆனாலும் இங்குள்ள தமிழ் ஆட்கள் என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக நான் எதையும் தெரியாது என்று சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற வருடம், ஓகஸ்ட் மாதம், பின்வளவில் லாவெண்டர்ச் செடிக்கு முன்னால் ஒன்று அந்தரத்தில் நின்றது. சிறகு கண்ணுக்குத் தெரியவில்லை, ரீங்காரம் மட்டும் கேட்டது. நீண்ட அலகைப் (அது அலகு இல்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது) பூவுக்குள் விட்டு உறிஞ்சியது. எங்கள் டேனிஷ் அயலவர் பென்ட் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டூஹேலெ" என்றார். டேனிஷில் 'டூ' என்றால் புறா, 'ஹேலெ' என்றால் வால். புறாவால். புறா சம்பந்தப்பட்டது என்றால் பறவைதானே? அவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் என் டேனிஷ்தான் முதல்தரம் என்பது என் எண்ணம்.

"இஞ்சேரும், கொலிபிரி வந்திருக்கு" என்று மனைவி சரோவைக் கூப்பிட்டேன். ஹம்மிங் பறவைக்கு இங்கே அதுதான் பெயர்.

"அது அமெரிக்காவிலை எல்லோ இருக்கிறது?" என்றாள். (பத்தாம் வகுப்போடு நின்றவள். சரியாகச் சொன்னவளும் அவள்தான்.)

"காலநிலை மாறுது. எல்லாம் இடம் மாறுது. நாங்கள் மாறேல்லையோ?"

அவள் உள்ளே போனாள். நான் வென்றதாக நினைத்தேன்.

இணையத்தில் இருந்து ஹம்மிங் பறவைக்குத் தீனி வைக்கும் முறை முழுவதையும் வாசித்தேன். பிளாஸ்டிக் வெயிலில் வெளிறும், கண்ணாடிக் குப்பியே நல்லது. அடிப்பாகம் சிவப்பாக இருக்க வேண்டும். ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர். இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நான் வரவழைத்த குப்பியில் நான்கு பிளாஸ்டிக் பூக்கள் இருந்தன. குளவி நுழையாதபடி ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மஞ்சள் வலைத்தொப்பி. பறவைக்கு அலகு நோகும் என்று நான்கையும் கழற்றி எறிந்தேன். ஒரு பங்கு சீனி எங்கள் தேத்தண்ணிக்கே காணாது என்று இரண்டு பங்காக்கினேன். தெரிவு செய்ததும் தொங்கவிட்டதும் நான். கழுவுவது சரோ. (பராமரிப்பு என்று நான் பெருமையாகச் சொன்னது அவளுடைய இரண்டு கைகளை.)

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின மாதம் ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போன இடத்தில் ஒரு குளவி குத்தி சரோவின் முகம் வீங்கியிருந்தது. அடுத்த முறை தொண்டை அடைக்கலாம், பரிசோதனை முடியும்வரை மிகவும் கவனம் என்று டொக்டர் சொன்னார். அவர் டேனிஷில் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னவன் நான்.

கொலிபிரி ஒன்றும் வரவில்லை. குளவிகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு இருபது, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கப்பா. உதைக் கழட்டுங்கோவன்."

"பறவை வந்தால் குளவி போயிடும்" என்றேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த வசனத்தை மாஸ்டர் குரலில் சொன்னேன்.

கழற்ற முடியாததற்குக் காரணம் இருந்தது. செல்வரத்தினம் அண்ணையிடம் தொலைபேசியில் அளந்துவிட்டேன். காற்றாலைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். அவருடைய டேனிஷில் வினைச்சொல்லே கிடையாது. அதை நடித்துக் காட்டி நான் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

"சனிக்கிழமை பின்னேரம் கமெராவோடை வாறன் மாஸ்டர். பறவை நிக்குமோ?"

"நிக்கும்."

வந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்து கமெராவைத் துடைத்தார். அந்தப் பக்கம், குளவிக்குப் பயந்து சரோ கழுவாமல் விட்டிருந்த குப்பி கலங்கிய தண்ணீரோடும் கறுப்புப் பூஞ்சணத்தோடும் தொங்கியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அதை ஒருக்காக் கழுவிப்போட்டு வாரும்" என்றேன் சரோவிடம்.

"குளவி நிக்குது."

"ஆக்களுக்கு முன்னாலை கதை வளர்க்காதையும். ரெண்டு நிமிச வேலை."

போனாள். நான் அண்ணைக்குச் சிறகடிப்பின் வேகத்தை விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடிப்பதற்குள் குப்பி விழுந்து உடையும் சத்தம் கேட்டது. சரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். உதடு தடித்திருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

அவசர உதவிக்கு அழைத்தேன். என்ன நடந்தது என்று ஒரு பெண் கேட்டார். குளவிக்கு டேனிஷ் சொல் எனக்கு வரவில்லை. முப்பது வருடமாகக் கேட்ட சொல். இரண்டு கிழமையாக என் வாயில் புழங்கிய ஒரே சொல்தான் வந்தது.

"கொலிபிரி" என்றேன்.

"பறவையா?"

"ஓம். இல்லை. பறவையின் சாப்பாடு. என் மனைவி..."

"உங்கள் மனைவி பறவையின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டாரா?"

"இல்லை. அது வரவேயில்லை."

"யார் வரவில்லை?"

சரோ சுவரைப் பிடித்தபடி நிலத்தில் சரிந்தாள். செல்வரத்தினம் அண்ணை என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார்.

"வெப்ஸ்" என்றார். "கோனெ. ஹல்ஸ் டுக்." குளவி. மனைவி. தொண்டை தடிப்பு. பிறகு எங்கள் வீதியின் பெயர், வீட்டு இலக்கம். ஒரு வினைச்சொல்கூட இல்லை. மறுமுனைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அம்புலன்ஸ் வந்தது, ஊசி போட்டார்கள், அவள் பிழைத்தாள். இரண்டு நாள் ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். பென்ட் ஒரு படப்புத்தகத்தோடு வந்து, ஒரு பக்கத்தை விரித்து எனக்குக் காட்டினார். டூஹேலெ. அந்துப்பூச்சி.

இப்போது எங்கள் ஆட்களுக்குள் யாராவது இல்லாத ஒன்றை இருக்கிறதென்று அளந்தால், "மாஸ்டற்றை கொலிபிரி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கதையைச் சொல்பவள் சரோ. தொலைபேசிக் கட்டத்தில் இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் கதையை அவள் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தொடங்குவாள்: "எனக்கு ஊத்தை கண்ணிலை படக்கூடாது, தெரியுந்தானே. இந்தாள் வேண்டாம் வேண்டாம் எண்டு மறிக்க மறிக்க, நான்தான் அதைக் கழுவப் போனனான்."

எட்டு வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. அந்த இடம் வரும்போது என் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்ப்பேன். செல்வரத்தினம் அண்ணை என்னைப் பார்ப்பார். அவரும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்.