டிரஸர் சொல்லாமல் விட்ட மறுபாதி

அன்றைக்கு எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா, நாற்காலியில். அம்மா, அடுப்படி வாசலில். தங்கச்சி சரசு, அடுப்படிக்கு உள்ளே. பெரிய கங்காணி, அப்பாவுக்கு மச்சான் முறை. திரிங்காப்பிலிருந்து வந்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, சொந்தமாகக் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். அவர் மகன் ஆ செங், லோரி ஓட்டுபவன். நான், கதவோரம். கடைசியாக வந்தவர் டிரஸர். அவர் கையில் ஒரு பால் டின். டின்னுக்குள் ஒரு பெரணிச் செடி.

பெண் கேட்கிற இடத்துக்குப் பெரணிச் செடியோடு வந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

டிரஸர் என்றால் எஸ்டேட் கிளினிக்கில் கட்டுப் போடுகிறவர், ஊசி போடுகிறவர், பிரசவம் பார்க்கிறவர். டாக்டர் எப்போதாவது ரிங்லெட்டிலிருந்து ஏறி வருவார். மற்ற நாளெல்லாம் எங்கள் உயிர் டிரஸர் கையில். பேர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெரணி வளர்த்தார்.

மலேரியா பார்க்க கிளினிக்கில் ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்திருந்தார்கள். அதில் மலேரியா பார்த்ததைவிட அவர் பெரணி பார்த்ததுதான் அதிகம். பெரணி பூக்காது, காய்க்காது. இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி இருக்கும். தட்டினால் தூள் கொட்டும். அந்தத் தூள்தான் அதற்கு விதை மாதிரி. அதைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை பெரிய கங்காணி காய்ச்சல் என்று போனார். டிரஸர் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அடடா. எல்லாம் பதரு. ஒண்ணுகூடத் தேறாது போலிருக்கே."

கங்காணி எட்டி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். சுருங்கிப்போன உருண்டைகள். வீட்டுக்குப் போய்ப் படுத்தார். பெண்சாதியைக் கூப்பிட்டார். மாடு யாருக்கு, வெற்றிலைப் பெட்டி யாருக்கு என்று சொல்லி முடித்தார். மறுநாள் டிரஸர் மாத்திரையோடு வந்து, "சாதாரணக் காய்ச்சல்தான், நீங்க பார்த்தது பெரணித் தூளு" என்றார். கங்காணிக்குக் காய்ச்சல் போய்விட்டது. கோபம் போகவில்லை.

வேலைக்கு மட்டம் போட நினைக்கிறவர்கள் காட்டில் கண்ட பெரணியைப் பிடுங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். எம்.சி. என்கிற லீவுச் சீட்டு கிடைக்கும் என்று நம்பிக்கை. டிரஸர் செடியை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு அவுன்ஸ் கசப்பு மருந்து ஊற்றி வேலைக்கு அனுப்பினார். செடிக்கு மட்டும் ஓய்வு.

எனக்குக் களைக்கு மருந்தடிக்கிற வேலை. ஒரு மழை நாள், மருந்து டாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடைக் கரைக்குப் போனேன். டிரஸர் குடையோடு நின்றார். குடை அவர் தலைக்கு மேலே இல்லை. செடிக்கு மேலே.

"இங்க அடிக்காதே."

"தொரை அடிக்கச் சொன்னாரு ஐயா."

"அப்ப எம்மேல அடி."

நான் குழாயை மூடினேன். அவர் காட்டினார். மேட்டில் ஒரு ஜாதிப் பெரணி, அகல இலை. ஓடையோரம் இன்னொரு ஜாதி, இலை சீப்பு மாதிரி. நடுவில் ஒன்று. அது இரண்டு மாதிரியும் இருந்தது. இரண்டும் இல்லை.

"ரெண்டுக்கும் பொறந்தது" என்றார். "தூள் ஈரமண்ணுல விழுந்து நகம் அளவு பச்சையா முளைக்கும். அதுலதான் ஆணும் பெண்ணும். மழைத்தண்ணி நின்னா ஆண் அதுல நீந்திப் போயிடும். சில நேரம் பக்கத்து ஜாதிப் பொண்ணுகிட்டப் போயிடும்."

"நீந்தியா?"

"நீந்தித்தான். மழை இல்லேன்னா கல்யாணம் இல்ல."

மழைக்கு அங்கே குறைவில்லை. வெயிலைத்தான் பார்க்க முடியாது. அந்த நீந்துகிற மாதிரிதான் சரசுவும் ஆ செங்கும். சரசு கொழுந்து பறிக்கிற தேயிலைப் பக்கமாகக் காய்கறி லோரி போகும். லோரி நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விசயம் தெரிந்தபோது அப்பா கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு ஜாதி ரத்தம் கலந்தா வம்சம் நிக்குமா? டிரஸர் சொல்லட்டும். நிக்கும்னா குடுத்துடுறேன்." உடம்பு சம்பந்தப்பட்ட எதற்கும் லயத்தில் டிரஸர் வார்த்தைதான் தீர்ப்பு. அதனால்தான் அன்றைக்கு அவரைக் கூப்பிட்டோம். சரசுவின் வாழ்க்கை அவர் வாயில் இருந்தது.

அவர் "நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்திருக்கலாம்.

"நல்ல கேள்விங்க ஐயா" என்று பால் டின்னைத் தூக்கிக் காட்டினார். "இது கலப்பு. பாருங்க, எவ்வளவு செழிப்பு. ஆனா உள்ளே ஒரு சங்கடம். எல்லா உசுருக்குள்ளயும் நூல் நூலா இருக்கு. தூள் உண்டாகுறப்ப ஒவ்வொரு நூலும் தன் சோடியைத் தேடும். இதுக்குள்ள பாதி அப்பன் நூலு, பாதி ஆத்தா நூலு. ஒண்ணுக்கொண்ணு சோடி சேராது. அதனால தூள் பூரா பதரு. முளைக்காது. இது மலடு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆனா பாருங்க" என்று டிரஸர் விரலைத் தூக்கினார்.

வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். "டிரஸர்! மேல் லயத்துல அஞ்சலைக்கு வலி எடுத்துருச்சு! ஓடியாங்க!"

டின்னை வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் வைத்தார். "இருங்க, மீதிப் பாதியை வந்து சொல்றேன்." ஓடிவிட்டார்.

கங்காணி தொண்டையைச் செருமினார். "டிரஸரே மலடுன்னுட்டாரு. இன்னும் என்னா பேச்சு மச்சான்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "தட்டை எடுத்து உள்ள வை."

வெற்றிலைத் தட்டு உள்ளே போனால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். தவுக்கேக்குத் தமிழும் தெரியாது, தட்டும் தெரியாது. தட்டு போனது, டின் நின்றது. அது தனக்குக் கொடுத்த சீர் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து கும்பிட்டு, லோரியில் வைத்துக்கொண்டு போனார். ஆ செங் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

டிரஸர் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். சட்டையெல்லாம் ரத்தம். "ஆம்பளைப் புள்ள" என்றார் சந்தோஷமாக. "எங்க எல்லாரும்?"

"போயிட்டாங்க."

"என் செடி?"

"அதுவும் போயிருச்சு."

உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் மறுபாதியைச் சொன்னார், என்னிடம். "எப்பவாவது அந்த மலட்டுச் செடி தப்புப் பண்ணும். பாதியாப் பிரிய வேண்டிய நூலு பிரியாம முழுசா ஒரு தூளுக்குள்ள இறங்கிடும். அது முளைச்சா எல்லாம் ரெண்டு மடங்கு. ஒவ்வொரு நூலுக்கும் சோடி கெடைச்சிடும். தூள் நல்லா விளையும். அப்புறம் அது அப்பன் ஜாதியும் இல்ல, ஆத்தா ஜாதியும் இல்ல. புது ஜாதி. உலகத்துல பாதிப் பெரணி இப்படித்தான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

சரசு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"ஐயா, நான் செடியா?"

"இல்லம்மா."

"அப்ப எனக்கு?"

"மனுசங்க எல்லாம் ஒரே ஜாதிம்மா. சீனன், தமிழன் எல்லாம் ஒரே நூலு. உனக்குச் சிக்கலே கெடையாது."

"இதை மொதல்ல சொல்றதுக்கு என்னா?"

டிரஸர் யோசித்தார். "கேள்வி நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

அப்பாவிடம் போய்ச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. சொன்ன வார்த்தை சொன்னதுதான் என்றார். பிறகு ஒருநாள் வேலைக்கு ஆள் கூடுகிற நேரத்தில் சரசு காய்கறி லோரியில் ஏறிவிட்டாள். டவுனில் கல்யாணத்தைப் பதிந்தார்கள். சாட்சிக் கையெழுத்து நானும் டிரஸரும். அவருக்கு வெள்ளைச் சட்டையில்கூட டிஞ்சர் கறை.

அப்பா அவள் பேரை எடுக்கவே இல்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. ஏற்கெனவே அதிகம் கிடையாது.

அந்த வருச மழையில் ஓடைக் கரை சரிந்தது. மூன்று பெரணியும் மண்ணுக்குள்ளே. டிரஸர் சேற்றைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். மிச்சம் இருந்தது நடுச் செடியின் வேரில் பிரித்தெடுத்த, தவுக்கே கொண்டுபோன டின் செடிதான். அது திரிங்காப்பில் தண்ணிக் குழாயடியில் வேர் ஓடிப் படர்ந்திருந்தது. அதைப் பார்க்கிறேன் என்று அவர் லோரி ஏறிப் போவார். தூள் எடுத்து வந்து பார்ப்பார். பதர். அடுத்த முறையும் பதர்.

"எப்ப ஐயா அது தப்புப் பண்ணும்?"

"நான் செத்தப்புறம் பண்ணும். அதுக்கு என்னா அவசரம்?"

செடியைப் பார்க்கப் போனவர் ஒருநாள் காலையில் பனியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் பிரசவப் பை. அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டிரஸர் உள்ளே வரவில்லை.

"ஒண்ணு" என்றார். போய்விட்டார்.

அப்பா திரும்பவில்லை.

அடுத்து "ரெண்டு" என்று வந்தார். அப்போது அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியிருந்தது. தினம் ஊசி. அப்பா சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டுவார். டிரஸர் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே முதுகிடம் பேசுவார்.

"அன்னைக்கு நான் பாதியில நிறுத்துனது தப்புங்க ஐயா. மீதி என்னான்னா..."

"ஊசியைப் போடுங்க."

"மூணு" என்று சொன்ன காலையில் அப்பா சுவரிடம் கேட்டார். "ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க ஐயா. உங்க மூக்கு."

அதற்கு மேல் கேட்கவில்லை. "நாலு" வருவதற்குள் அப்பா போய்விட்டார். ஆனாலும் டிரஸர் வந்தார். காலிக் கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. தாப்பா ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. அவ்வளவு பேசின மனிதர். கண் மட்டும் ஆளைத் தேடும். அவருக்கென்று வந்து பார்க்க சொந்தம் யாரும் இல்லை. சரசு வர முடியாது, நிறைமாதம். பஸ் பிடித்து நான் போய் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்காருவேன். எனக்குப் பேச வராது. அவருக்கும் வராது. மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசியாகப் போன அன்றைக்கு உள்ளே போய் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றேன். அவர் கண் என்னிடம் வந்தது.

"அஞ்சு" என்றேன்.